நடு வீட்டில் நின்ற ஜப்பான் மரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு காற்று கறுப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நான் பிறந்த எஸ்டேட்டில் கடைசி லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருந்தது, அந்தப் பக்கம் போனால் பேய் அடித்துவிடும் என்று ஊரே பயப்படும், நான் அதன் மேல் ஏறி உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டவள். இப்போதும் நான் வேலை செய்கிற பாலர் பள்ளியில் பிள்ளைகள் கழிவறையில் ஏதோ இருக்கிறது என்று அழுதால், கதவைத் திறந்து காட்டுகிற டீச்சர் நான்தான். அதனால் இதைக் கேட்டுவிட்டு இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது. கொஞ்சம் வரும்.

கோலா சிலாங்கூரில் எங்களுக்கு ஒரு தெராஸ் வீடு இருக்கிறது, வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. சொந்த வீடு. எங்கள் இரண்டு குடும்பத்திலும் லயத்தை விட்டு வெளியே வந்து சொந்தச் சாவி வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான், இதை நான் எல்லோரிடமும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறார். நான் பாலர் பள்ளியில் பாடமும் எடுப்பேன், சுவரில் படமும் வரைவேன். முயலும் யானையும் ரயிலும் வரைந்து வரைந்து கை பழகிவிட்டது, ஆனால் மனசு அலுத்துவிட்டது. சொந்த வீடு என்று ஆனதும் ஹால் சுவரில் எனக்குப் பிடித்ததைத்தான் வரைவேன் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

எனக்குப் பிடித்தது எதுவென்றால், ஒருநாள் போனில் பார்த்த ஜப்பான் பாணிப் படம். ஒரே ஒரு மரம், ஒரு நிலா, மிச்சமெல்லாம் வெள்ளை. பார்த்ததும் உள்ளே அப்படி ஒரு அமைதி. அதற்கப்புறம் ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்துப் பழைய பேப்பரில் வரைந்து வரைந்து பழகினேன். கறுப்பு பெயிண்டில் தண்ணீர் கலந்து ஒரு கிண்ணத்தில் கரிக் கறுப்பு, இன்னொன்றில் சாம்பல், இன்னொன்றில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. தூரிகையைச் சுவரில் வைத்தால் வைத்ததுதான், திரும்பத் தொட்டால் கெட்டுப்போகும். அடிமரத்தை ஒரே மூச்சில் இழுத்தேன் என்றால் நம்புங்கள். அவர் லோரி எடுத்துக்கொண்டு போயிருந்த இரண்டு நாளில் தனியாக நின்று முடித்துவிட்டேன். ஜப்பான்காரர்கள் மூலையில் சிவப்பு முத்திரை வைப்பார்கள் இல்லையா, அது மாதிரி நானும் ஒரு சின்னச் சிவப்புக் கட்டம் போட்டு உள்ளே ‘மா’ என்று எழுதினேன். மாலா என்கிற பெயருக்கு.

வயரிங் வேலைக்கு வந்த பையன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, பெயிண்ட் பத்தலையா? பாதியிலயே நிக்குதே" என்றான்.

"முடிஞ்சிருச்சு தம்பி. காலியா இருக்கு பாரு, அதுவும் படந்தான்" என்றேன். அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஃபேன் மாட்டப் போய்விட்டான். அவனுக்குப் புரியாவிட்டால் போகட்டும், அந்தச் சுவர் முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட நான் அப்படி நின்றதில்லை.

விடிந்தால் பால் காய்ச்ச வேண்டும் என்கிற அன்றைக்குச் சாயங்காலம் செரண்டாவிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா குடும்பத்தோடு வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மாமியார் இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி மாலா இது? பட்ட மரத்தக் கொண்டாந்து நடு வீட்டுல நிக்க வெச்சிருக்க? ஒரு எல இல்ல, ஒரு பூ இல்ல."

"பட்ட மரம் இல்லண்ணி. ஜப்பான்ல இப்படித்தான் வரைவாங்க. குளிர்காலத்து மரம். உசுரோடதான் இருக்கு."

"நமக்கு ஏதுடி குளிர்காலம்? நல்ல நாளும் அதுவுமா இத வெச்சுக்கிட்டா பால் காய்ச்சுவ? ஏற்கெனவே இந்த வீட்டுல..."

அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தினால் என்ன, மிச்சம் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. ஒன்று வந்தது, மூன்று மாசம் இருந்தது, போய்விட்டது. ஒரு பூ இல்லை ஒரு இலை இல்லை என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னாரா என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அதைவிட மோசம், என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு டின் வெள்ளை பெயிண்டும் ரோலரும் வாங்கி வந்தார். சமையல்கட்டில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு நாளு மாலா, சண்ட வேணாம்லா. அப்புறம் நீ மறுபடி வரஞ்சிக்க" என்றார்.

"மறுபடி வராதுங்க. இது ஒரு தடவதான் வரும்."

அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையில் பேப்பரை விரித்தார், டின்னைத் திறந்தார், ரோலரை முக்கினார். நான் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் கையாலேயே செய்த ஒரே நல்ல காரியம், என் சொந்த வீட்டில், என் கண் முன்னால் போகப்போகிறது, நான் அழக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கரண்ட் போனது. எங்கள் வீடு மட்டும் இல்லை, குடியிருப்பு, அதாவது தாமான் முழுக்க. பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லி முடித்த நேரம், வெளியே மழை இருட்டு, எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. யாரோ போனைத் தேடினார்கள். அண்ணி "முருகா" என்றார்.

இனிமேல் சொல்வதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. சுவரில் ஒரு புள்ளி வெளிச்சம் வந்தது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. அப்புறம் அடிமரத்திலிருந்து கிளை கிளையாக ஏறிக்கொண்டே போனது. மின்மினி. எங்கள் ஊர் மின்மினியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து படகு ஏறுகிறார்கள், உங்களுக்கே தெரியும், ஆனால் அது ஆற்றோரத்து மரத்தை விட்டு இறங்காது. ஆறு எங்கே, எங்கள் தாமான் எங்கே, நடுவில் முழுக்கச் செம்பனை. நான் அங்கே குடிவந்து இன்றுவரை ஒரு மின்மினி எங்கள் தெருவில் பறந்து பார்த்ததில்லை. அது கதவு வழியாக வந்ததையும் யாரும் பார்க்கவில்லை. சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளையில் ஒன்றுகூட உட்காரவில்லை. நான் தூரிகை வைத்த இடத்தில் மட்டும், மெல்லிசாக இழுத்த நுனிக் கிளை வரைக்கும், வரிசையாக. எல்லாம் ஒன்றாக மின்னும், ஒன்றாக அணையும், ஆற்றங்கரையில் மின்னுகிற அதே மாதிரி. என் மரம் அப்படி எரிந்தது. இலை இல்லாத மரம் என்றார்களே, அந்த நேரத்தில் எனக்குப் பயமே வரவில்லை, பாருங்கள் எல்லோரும் நன்றாகப் பாருங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

பயம் அடுத்ததுதான். வலது பக்கம், காலியாக விட்ட இடத்தில், தாழ்வாக வளைந்து ஒரு கிளை மின்னியது. அங்கே கிளை கிடையாது. ஆனால் பென்சிலில் நான் முதலில் போட்டிருந்தேன், வேண்டாம் என்று அழித்து அதன் மேல் வெள்ளையும் பூசிவிட்டேன், அப்போது வீட்டில் நான் ஒருத்திதான். அதே வளைவு. அந்தக் கிளையின் நுனியில் ஒன்றே ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேரவில்லை. வேக வேகமாக, தன்பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

அந்த வேகத்தை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கிளினிக்கில் ஸ்கேன் பண்ணும்போது டாக்டர் திரையில் ஒரு சின்னப் புள்ளியைக் காட்டி, இதுதான் குழந்தையின் இதயம் என்றார். படபடவென்று மின்னியது. அடுத்த தடவை போனபோது இல்லை.

இருட்டில் என் வீட்டுக்காரர் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அவரும் அன்றைக்கு அந்த ஸ்கேன் அறையில் நின்றவர்தான். "மாலா, அந்தக் கடைசியில..." என்றார். நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம், எனக்கு அழுகை வந்தது, ஆனால் சத்தியமாக அது சந்தோஷ அழுகை.

கரண்ட் வந்தது. சுவரில் ஒன்றும் இல்லை. தரையில், ஜன்னலில், விளக்கடியில் ஒரு பூச்சி இல்லை. மரம், நிலா, வெள்ளை. அண்ணியின் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மழைக்கு முன்னாடி வரும்லா இதெல்லாம்" என்றார். அண்ணி எழுந்தார், பெயிண்ட் டின்னை மூடினார், அவரே தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்தார்.

காலையில் பால் பொங்கியதும் அண்ணி யாரும் சொல்லாமலே சந்தனக் கிண்ணத்தை எடுத்து மரத்தின் அடியில் ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தார். ஜப்பான் ஓவியத்தில் குங்குமப் பொட்டு! பார்த்தால் ஜப்பான்காரன் மயங்கி விழுவான். நான் துடைக்கவில்லை. இப்போதும் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சுவர் முன்னால் நின்றுதான் படம் எடுக்கிறார்கள், யார் வரைந்தது என்று கேட்டால் என் வீட்டுக்காரர் என்னை முந்திக்கொண்டு "என் மனைவி" என்கிறார்.

அப்புறம் குழந்தை பிறந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை. காலியாக விட்ட இடத்தையும் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.

ஆனால் போன மாதம் மறுபடி கரண்ட் போனது. நான் மெழுகுவத்தி எடுக்க எழுந்தேன், அவர் சோபாவில் உட்கார்ந்தபடி, "கொளுத்தாத மாலா, கொஞ்சம் இரு" என்றார். சுவரின் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் சிரிப்பு தெரிந்தது. "இன்னும் எவ்வளோ வேகமா அடிக்கிது பாரேன். உனக்குத் தெரியிதுல்ல?"

தெரியுதுங்க என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.