வந்துவிடட்டுமா என்று கேட்டவர்

போன வெள்ளிக்கிழமை காலை கடையில் பிளவுஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். பெங்களூர் கம்மனஹள்ளியில் இருக்கும் காய்கறிக் கடைக்காரம்மாவிடமிருந்து போன். "அக்கா, அண்ணா இங்க ஸ்டூல்ல உக்காந்தவரு எழுந்திரிக்கல. பேக, சீக்கிரம் வாங்க." ஓடினேன். என் கணவர் சுபேதார் சாமுவேல் அதற்குள் இறந்துபோயிருந்தார். மடியில் கீரைக்கட்டு இருந்தது.

சபை மடலில் அவரைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். லிங்கராஜபுரத்தில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. சின்ன வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்தவர்; வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் எங்களுடையவர். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் எல்லாரையும் விட உரக்கப் பாடி ராகத்தைக் கவிழ்ப்பவர் என்றால் சிலருக்கு ஞாபகம் வரலாம்.

விடுமுறையில் வந்தால் வீடு பட்டாள முகாமாகிவிடும். விடியுமுன் பிள்ளைகளை எழுப்புவார். என் தையல் கடை நூல்கண்டுகளை நிறவாரியாக அணிவகுக்க வைப்பார். எனக்கு ஒன்றும் கைக்குக் கிடைக்காது. அவரை ரயிலேற்றிவிட்டு ஸ்டேஷனில் அழுவேன். வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, அப்பாடா என்பேன். அழுததும் பொய்யில்லை.

பென்ஷனுக்கு வேண்டிய சர்வீஸ் முடிந்த வருடம், டிரங்குப் பெட்டியை அடுக்கியபடி கேட்டார்: "ரோஸி, போதும்னு தோணுது. பேப்பர் போட்டுட்டு வந்துடட்டா?"

"சுபேதார் ஆவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. பாதியில விட்டுட்டு வருவாங்களா? ரிடையர்மென்ட் வரைக்கும் இருங்க" என்றேன்.

பிள்ளைகள் படிப்பு, பதவி என்று காரணங்களை அடுக்கினேன். உண்மைக் காரணம் பயம். இந்த மனுஷனோடு வருடம் முழுக்க எப்படிக் குடும்பம் நடத்துவது என்ற பயம். அவர் பெட்டியை மூடினார்.

பத்து வருடம் கழித்து ஓய்வுபெற்று வந்தார். வந்தவர், செருப்பை எங்கே விடுவது என்றுகூட என்னைக் கேட்டார். "என்னங்க இது, விருந்தாளி மாதிரி?" என்றால், "உன் யூனிட்டுல நான் புது ரெக்ரூட்" என்பார். கடையில் உட்கார்ந்து ஹூக் தைத்தார். வாடிக்கையாளர்கள் முன்னால் "ஓனரம்மா" என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்கினார். அதற்கு முன் அவரோடு நான் அப்படிச் சிரித்ததே இல்லை. எட்டு மாதம்தான் கிடைத்தது. பத்து வருடம் கூடக் கிடைத்திருக்கும்; நான்தான் வேண்டாம் என்றேன்.

அடக்கத்துக்கு அவர் யூனிட்டிலிருந்து இருவர் வந்தார்கள். அவர்களில் வேலூர்க்காரரான ஹவில்தார் என்னிடம் வந்து சொன்னார்: "சுபேதார் சாப் உங்களப் பத்தித்தான் மேடம் பேசுவாரு. 'வந்துடறேன்னு சொன்னேன், எங்க வீட்டம்மா விடல. இந்த யூனிஃபார்ம் மேல அவங்களுக்கு அவ்ளோ பெருமை'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு."

ஆமாம் என்பதுபோல் தலையாட்டினேன். குழியை மூடியதும் இருவரும் அவருக்கு சல்யூட் அடித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி எனக்கும் ஒன்று அடித்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

என்னங்க, போய் வாருங்கள். இந்தத் தடவை உங்களைப் போகச் சொன்னது நான் இல்லை.