காஜாக்காரியும் பாப்பாவும்

என் பெரியம்மாவுக்கு நான்கு பெண்கள். மூன்றாமவளைத்தான் எல்லோரும் காஜாக்காரி என்பார்கள். தையல் கடையில் சட்டையில் பட்டன் நுழையும் ஓட்டைக்கு நூல் கட்டிக் காஜா எடுத்துப் பட்டன் வைப்பது அவள் வேலை. கடைவாசல் வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டு, ஊசியும் நூலுமாகக் குனிந்திருப்பாள். துணி கிழிந்தாலும் அவள் எடுத்த காஜா பிரியாது.

அவளுக்கு ஒரே மகள். நாற்பதை நெருங்கியும் பாப்பாதான். பிறவியிலேயே மூளை வளர்ச்சி இல்லை, பேச்சும் இல்லை. காஜாக்காரியின் புருஷன் “இதோ வர்றேன்” என்று போனவன், தன் தங்கை கல்யாணத்துக்கும் வரவில்லை, தாய் சாவுக்கும் வரவில்லை.

காஜாக்காரிக்கு வயிற்றில் கட்டி, அறுத்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. என்னையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு, மகளைச் சேர்த்துவிடக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்துக்குப் போனாள்.

“தானா உடுத்திக்குவாளா?” என்று மதர் கேட்டார்.

“கையை நுழைச்சுக்குவா மதர். பட்டன்தான்...”

“இங்க ஆள் பத்தாதும்மா. எங்க கவுனுக்கு முன்னால பட்டன் இருக்கும். அதை மட்டும் கத்துக்குடுத்துக் கூட்டிட்டு வாங்க, எடுத்துக்கிறோம்.”

அன்றிலிருந்து அதே வேலை. மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் விரல்களைத் தன் விரல்களுக்குள் வைத்துப் பட்டனைத் தள்ளுவாள். “இப்ப நீ” என்று கையை எடுப்பாள். பாப்பா விரல்கள் அப்படியே நிற்கும். திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள். இவளும் சிரித்துவிட்டு மறுபடி விரல்களைப் பிடிப்பாள்.

வேலை தெரிந்தவள் அல்லவா, காஜாவைப் பெரிதாக எடுத்துப் பார்த்தாள்.

“என்னம்மா, இந்த ஓட்டைல என் தலையே நுழையும்போல இருக்கே?” என்றார் கடைக்கார டெய்லர்.

“உங்க தலைக்கு அளவெடுக்கலண்ணே. பேசாம இருங்க.”

பெரிய காஜாவில் பட்டன் சுலபமாகப் போயிற்று. போன வேகத்தில் தானே கழன்றது. சின்னதாக எடுத்தால் நுழையவில்லை. எத்தனையோ பேர் சட்டையை மூடிய கை, மகளிடம் தோற்றுப்போனது.

படுக்கையில் விழுந்த பிறகு, நற்கருணை கொடுக்கப் பாதிரியார் வீட்டுக்கு வந்தார். அப்போதும் மகளின் விரல்களைப் பிடித்தபடிதான் இருந்தாள்.

“கடவுளும் தகப்பன்தாம்மா. அவர் கத்துக்குடுக்கறது நமக்கு வராட்டியும் பொறுமையா இருப்பார்,” என்றார்.

“இருப்பாரு சாமி. அவருக்கென்ன, நாள் கிடக்கு. எனக்கு இல்லையே.”

“அவரும் சிலுவையில செத்தவர்தாம்மா.”

“மூணாம் நாள் எழுந்துட்டாரே சாமி. நான் எழுந்து வந்தா பாப்பா பயந்துடும்.”

பாதிரியார் நற்கருணையை அவள் நாவில் வைத்தார். விழுங்கிவிட்டு அவளே சொன்னாள்: “குறை சொல்லல சாமி. என் விரலையும் அவர் பிடிச்சுக் காட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. இத்தனை வயசுக்கு எனக்கும் ஒண்ணும் வரல. போடின்னு எழுந்து போயிடலையே.”

அடக்கத்தன்று பாப்பாவுக்குப் பட்டன் போட்டுவிட்டது நான்தான்.

இல்லத்தில் எடுக்கவில்லை. பெரியம்மாவின் மூத்தவள் முன்பே செத்துப்போயிருந்தாள். மற்ற இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மருமகள் வீட்டில் ஒரு மூலையில் கிடப்பவள், எனக்கு ஏது வாய்? பாப்பா அரசாங்கக் காப்பகத்துக்குப் போனாள்.

பிறகு ஒரு நாள் பார்க்கப் போனேன். நீள ஹால், வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஃபினாயில் வாடை. பாப்பா இளைத்திருந்தாள். கவுன் முன்பக்கம் திறந்தே கிடந்தது.

“இத்தனை பேருக்கு யாருங்க பட்டன் போட்டுக்கிட்டு இருக்கிறது?” என்றாள் ஆயா.

என்னைப் பாப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி, பார்வை எங்கோ இருக்க, அவளும் திறந்த கவுனோடு உட்கார்ந்திருந்தாள். பாப்பா எழுந்து போய் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் விரல்களைத் தன் விரல்களுக்குள் எடுத்துப் பட்டன்மேல் வைத்தாள். பட்டன் நுழையவில்லை. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பெண் அசையவில்லை.

பாப்பா சிரித்தாள். மறுபடி அந்த விரல்களைப் பிடித்தாள்.