குனிந்து நிமிர்ந்தால்

அக்காவுக்குத் தலைசுற்றல் வந்ததும் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் டாக்டராகிவிட்டார்கள். சட்டை தைக்கும் கம்பெனியில் அவளும் நானும் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறோம். தரையில் கிடக்கும் துணிக்கட்டைக் குனிந்து தூக்கி நிமிர்ந்தால் அவளுக்குக் கண் இருட்டும். மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பித்தம் என்றார் அவள் மாமியார். இந்த வயசில் விசேஷமா என்று பல்லைக் காட்டினான் சூப்பர்வைசர். அந்தப் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கலாம் போலிருந்தது எனக்கு.

போன வாரம் சூடான இஸ்திரிப் பெட்டியோடு சாய்ந்துவிட்டாள். முழங்கையில் தோல் வழன்றுவிட்டது. இன்னொரு தரம் விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றார் மேனேஜர். அத்தானுக்கு வேலை இல்லை. இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா அவளைப் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை பிரஷர் பார்த்தார். நின்றதும் நன்றாக இறங்கியிருந்தது. படுக்கையில் புரண்டால் அறை சுற்றுகிறதா என்று கேட்டார். அப்படியென்றால் காதுக் கோளாறாக இருக்கலாமாம். அதுவும் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சோகையும் இல்லை. அவள் தினமும் போடுகிற பிரஷர் மாத்திரையும் ஒரு காரணமாகலாம் என்று அளவைக் குறைத்தார். கடைசியாக, வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

குடிக்க மாட்டோம். எங்கள் பிரிவில் ஒருத்தியும் குடிக்க மாட்டாள். குடித்தால் அந்தக் கழிப்பறைக்குப் போக வேண்டுமே! கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அடைத்துக்கொண்ட பீங்கானில் முந்தாநாள் போனது மிதக்கும். தரையில் தேங்கியிருப்பதைத் தண்ணீர் என்று சொல்ல வாய் வராது. துணியை எவ்வளவு தூக்கிப் பிடித்தாலும் ஓரம் நனையும். அதில் புழு நெளிந்ததைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. குடிக்காமல் இருப்பதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேருகிறவளுக்கு முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

மறுநாள் அக்கா மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவரும் பார்க்க வந்தார். வாசலிலேயே முகத்தைச் சுளித்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். சாயங்காலம் ஒரு சென்ட் பாட்டில் வந்தது, உள்ளே அடித்துக்கொள்ளச் சொல்லி. மலத்தின் மேல் மல்லிகை வாசம். அதற்கு வெறும் நாற்றமே தேவலை.

அடுத்த நாள் அக்கா எல்லோர் முன்னாலும் நின்று ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினாள். மேலே ஆபீஸ்காரர்களின் கழிப்பறை. வெள்ளை டைல்ஸ், சோப்பு, துண்டு. நான் கூடப் போனேன். இஸ்திரிப் பிரிவே எங்கள் பின்னால் வந்தது.

மேனேஜர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் அதே சுளிப்பு. நாற்றமே எங்களிடமிருந்துதான் வருகிறது என்பதுபோல.

"இது ஆபீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும்மா."

"விழுந்தா வேலை இல்லைன்னீங்க சார். விழாம இருக்கத்தான் தண்ணி குடிச்சிருக்கேன். கொஞ்சம் தள்ளுங்க, அடக்க முடியலை."

அவர் தள்ளி நின்றார், எங்கள் துணி தன்மேல் பட்டுவிடாதபடி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு.