எல்லப்பன் சாய்த்த பூசணி

எல்லப்பன் காட்டுப்பன்றியை அம்பெய்துவிட்டார் என்று மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் பேச்சு. காலை ஷிப்டில் பன்றிக்குக் காயம். மதிய ஷிப்டில் அது அம்போடு கர்நாடகாவுக்குள் ஓடிவிட்டது. நைட் ஷிப்டுக்குள் வனத்துறை ஜீப் வந்து எல்லப்பனை அள்ளிக்கொண்டு போயே போய்விட்டது. அதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எல்லப்பன்தான். தன் காலிக் கோப்பையைத் தொட்டியில் எறிந்துவிட்டு, நீட்டிய கையை மடக்காமல் நின்றார். அது இப்போது அவருக்கு வழக்கம்.

விசாரித்தால், பன்றி இருக்கிறது. வேப்பனப்பள்ளியில் கெம்பம்மாவின் மாந்தோப்பில் நிற்கிறது. பொம்மை; உடம்பு முழுக்கக் கெட்டி நுரை. நிஜப் பன்றியைத் தொட்டால் கேஸ் என்பதால், வேட்டை ஆசை பிடித்த கம்பெனி ஆட்கள் ஞாயிறுதோறும் இதைத்தான் வேட்டையாடுகிறார்கள். பதுங்குவார்கள், காற்று பார்ப்பார்கள், 'உஷ்' என்பார்கள். பன்றி முழுமனதாக ஒத்துழைக்கும்.

எல்லப்பன் கம்பெனியில் தரம் பார்ப்பவர். இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்த பிறகே வாயில் வைப்பார். அப்படிப்பட்டவர் விட்ட அம்பு பன்றியின் வயிற்றுக்கடியில் புகுந்து, கெம்பம்மா விதைக்கென்று கொடியிலேயே விட்டிருந்த பூசணியில் இறங்கியது. விதை முற்றாத காய்.

கம்பெனியில் ஒரு பிழை நேர்ந்தால் 'ஏன்' என்று ஐந்து தரம் கேட்க வேண்டும். கேட்டார். காற்று மாட்டியது, அம்பின் இறகு மாட்டியது, முந்தைய நாள் ஓவர்டைம்கூட மாட்டியது. கடைசியில் நண்பர் ஹரீஷ்குமார் எடுத்த செல்போன் வீடியோவில் அவரே மாட்டினார்.

"பட்டுச்சான்னு பாக்கற அவசரத்துல வில்லு புடிச்ச கையத் தொங்கப் போட்டுட்டேங்க. அம்பு கெளம்பறதுக்கு முன்னாடி நான் வேடிக்க பாக்கக் கெளம்பிட்டேன்."

காரணம் கிடைத்தது, பூசணி கிடைக்கவில்லை. அது வரும்வரை அவர் வில்லைத் தொடக்கூடாது, மற்றவர்களுக்கு அம்பு பொறுக்கலாம் என்பது கெம்பம்மாவின் தீர்ப்பு. எல்லப்பன் ஓசூர் சந்தையிலிருந்து தலையளவு பூசணி தூக்கிவந்து பார்த்தார்.

"இது ஒட்டுக்காயி. இது வெதையப் போட்டா என்னா மொளைக்கும்னு இதுக்கே தெரியாது. சாய்ச்சவன் நீ, நீயே வெளைய வையி" என்று தன்னிடம் மிஞ்சியிருந்த பழைய விதைகளைக் கையில் கொட்டினார் கெம்பம்மா.

எல்லப்பன் வீட்டு மொட்டைமாடியில் பெயிண்ட் டப்பாக்களில் கொடி படர்ந்திருக்கிறது.

"சூப்பரா பூக்குதுக்கா. ஆனா எல்லாம் ஆம்பளப் பூவு."

"ஒன்ன மாதிரிதான். ஜம்பம் மட்டும்."

போன ஞாயிறு கெம்பம்மா பூசணி வாங்கத் துணிப்பையோடு தோப்புக்கு வந்தார். பையில் போட ஒன்றுமில்லை. அம்பு பொறுக்கியே முதுகு வளைந்தவரைப் பார்த்து என்ன தோன்றியதோ, "ஒண்ணே ஒண்ணு வுடு. குறி தப்புச்சுனா அந்த வில்லு எங்கூட்டு அவரப் பந்தலுக்கு" என்றார்.

எல்லப்பன் நாணை இழுத்தார். விட்டார். 'தொப்'பென்று சத்தம். ஹரீஷ்குமார் விசிலடித்தார். எல்லப்பன் எட்டிப் பார்க்கவில்லை; வில் பிடித்த கை இறங்கவும் இல்லை.

கெம்பம்மா காத்துப் பார்த்தார். பிறகு காலிப் பையை அந்தக் கையில் மாட்டினார்.

"காயி வந்ததும் இதுலயே போட்டுக் குடு."

பை காற்றில் ஆடியது. கை ஆடவில்லை.