ஸ்பானர் தொடாத நாள்

எங்கள் அடுக்ககத்தில் சனிக்கிழமை காலையானால் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள். பவானிபூரில் இப்போதெல்லாம் மின்சாரம் போவதே அபூர்வம். இருந்தாலும் துருப்பிடித்துவிடக் கூடாதென்று சும்மாவேனும் உறும விடுவார்கள். அந்த டீசல் நாற்றம் மாடி மாடியாக ஏறி என் பால்கனிக்கு வரும். வந்துவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. காய்கிற துணியை இன்னொரு தரம் உதறிப் போடுவேன். அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்ப்பேன். எதற்கோ நேரமாகிக்கொண்டிருக்கிறது என்று மனசு அடித்துக்கொள்ளும். உங்களுக்கும் ஏதாவது ஒரு வாசனை இப்படிச் செய்யும் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு மல்லிகை, மண் வாசனை. எனக்கு டீசல். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை.

இது என்னிடம் ஒட்டிக்கொண்ட காலத்தில் நாங்கள் துறைமுகத்துப் பக்கம் கிடர்பூரில் இருந்தோம். அப்பா துறைமுக வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். நான் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டேன். அக்காவைக் கட்டிய அத்தானுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அக்காவுக்குச் சும்மா இருக்க வராது. துறைமுகக் குடியிருப்பில் பிறந்தநாள், காதுகுத்து என்று சமைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் காய் நறுக்குவேன், தேங்காய் துருவுவேன். ஆட்கள் முன்னால் வந்து பரிமாறச் சொன்னால் மட்டும் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

அண்டா ஏற்ற ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினாள். முன்பு மீன் ஏற்றிய வண்டி. எத்தனை கழுவியும் மழை நாளில் அந்த வாடை எழுந்து வரும். டீசல் முள் செத்துப்போய் எப்போதும் காலி என்றே காட்டும். வண்டியை முன்பு ஓட்டிய வங்காளி டிரைவர் நிமாய்தாவும் அதை விட மனமில்லாமல் அதோடேயே எங்களிடம் வந்துவிட்டார். டேங்குக்குள் மூங்கில் குச்சியை விட்டு எடுத்து, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். அதுதான் எங்கள் கணக்கு.

அந்தச் சமயத்தில்தான் முதல் தடவையாகப் பாலிகஞ்சிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். மதியச் சாப்பாடு எங்களுடையது. பாலிகஞ்ச் தமிழர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ரசம் நன்றாக இருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரியும். பந்தி தாமதமானால் அதைவிடச் சீக்கிரம் தெரியும். அன்று நல்லபடியாக முடிந்தால் அக்காவுக்கு அந்தப் பக்கம் முழுக்கத் திறந்துவிடும். இல்லையென்றால் கிடர்பூர் காதுகுத்தோடு சரி. அந்த வாரம் அவள் தூங்கவில்லை. அவள் புரண்ட புரளலில் நானும் தூங்கவில்லை.

நட்சத்திரம் பார்த்து வைத்த நாள், மாற்ற முடியாது. அது விஸ்வகர்மா பூஜையில் வந்து விழுந்தது. அன்று இந்த ஊரில் பட்டறைக்குப் பட்டறை யானைமேல் சாமி, வானம் முழுக்கப் பட்டம். கருவிகளெல்லாம் சாமியின் காலடியில் இருக்கும். எந்த மெக்கானிக்கும் ஸ்பானரைத் தொடமாட்டான். நிமாய்தா காலையிலேயே வண்டியைக் கழுவிச் சாமந்தி மாலை கட்டிவிட்டார். அக்காவுக்கு அது போதவில்லை. நம்முடைய ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருந்தது. இருந்தாலும் இத்தனை பெரிய காரியத்துக்குப் போகிற வண்டியாயிற்றே என்று ஒரு கிண்ணம் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். சக்கரம், விளக்கு, கதவு, கைப்பிடி, டேங்க் மூடி என்று ஒன்றையும் விடவில்லை. சின்னதாகப் பொட்டு வைக்க அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் ஊத்தப்பம் மாதிரி இருந்தது.

அலிப்பூர் தாண்டுவதற்குள் வண்டி இருமிக்கொண்டே நின்றது. நிமாய்தா பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு டீசல் ஏற்றும் கைப்பம்பை அழுத்தினார். கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி இருமல். ஹாஸ்ரா நாற்சந்தியில் ஒரேயடியாக நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் அலறின.

குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது என்றார் நிமாய்தா. டீசல் வண்டிக்கு அது ஆகாது. ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, நுரையெல்லாம் போய் வெறும் டீசல் வரும்வரை பம்பு அடிக்க வேண்டும். அதற்கு ஸ்பானர் வேண்டும். பக்கத்துப் பட்டறைக்கு ஓடினேன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரொம்ப மரியாதையாகப் பிரசாதம் கொடுத்தார்கள். ஆள் வரவில்லை.

திரும்பி வந்தால் நிமாய்தா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சீட்டுக்கு அடியில் கருவிப் பை சிவப்புத் துணியில் சுற்றியிருந்தது.

"தீதி, நீ தொடலாம். உன் பூஜை இன்னும் வரல," என்றார் என்னிடம், தன் அரைகுறைத் தமிழில்.

"எடுட்டி. நம்ம சாமி ஒண்ணும் சொல்லாது. சாம்பார் ஆறிட்டு இருக்கு," என்றாள் அக்கா.

"யக்கா, எல்லாரும் பாக்காங்க."

"பாத்தா என்ன? ஒன்னயவா பொண்ணு பாக்க வந்திருக்காங்க?"

பட்டுப்பாவாடை வயசு தாண்டி, அன்றைக்கென்று முதல்முதலாகப் பட்டுச்சேலை கட்டியிருந்தேன். அதோடு பானெட்டுக்குள் குனிந்தேன். எந்தத் திருகு என்று நிமாய்தா விரலால் காட்டுவார், தொடமாட்டார். நான் திருகினேன், பம்பு அடித்தேன். நுரை வந்தது, டீசல் வந்தது, முழங்கை வரை வழிந்தது. வண்டி கிளம்பியதும் யாரோ கைதட்டினார்கள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. ராஷ்பிஹாரி வருவதற்குள் மறுபடி நின்றது.

இப்போது ஃபில்டர் அடைத்திருக்கும் என்றார் நிமாய்தா. டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்றும் சொன்னார். அக்கா காதில் வாங்கவில்லை. முதலில் டீசல் இருக்கிறதா பார்க்கிறேன் என்று மூங்கில் குச்சியோடு இறங்கிப் போனாள். டேங்க் மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். உள்ளேயிருந்து காற்று வெளியே வரவில்லை. வெளியிலிருந்து உள்ளே போயிற்று.

அக்கா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. டீசல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பம்பு இழுத்தும் டீசல் வராது. அந்த ஓட்டையின் மேல் அவள் வைத்த சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது.

"குக்கர் மூக்குல பருப்பு அடச்ச மாரில்லா இருக்கு," என்றாள் மெதுவாக.

முந்தானையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து ஓட்டையைக் குத்திவிட்டாள். நிமாய்தா மூடியை வாங்கி மோந்து பார்த்தார்.

"ஆக்கா, வண்டிக்கு மூக்குல பொட்டு வச்சிட்ட."

"வாய மூடிட்டு வண்டிய எடும்."

அதற்கப்புறம் அது ஒரு தடவைகூட இருமவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது. அக்கா என் கையை மோந்து பார்த்து, நீ உள்ளே வராதே என்றாள். பரிமாறாமல் தப்பித்தேன் என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. வண்டிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தமெல்லாம் யாரோ கோபமாக எழுந்து போகிற சத்தமாகவே கேட்டது.

காலி அண்டாக்களோடு அக்கா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஹாஸ்ரா தாண்டிய பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரசத்துக்கு என்ன போட்டீங்கன்னு கேட்டாங்கட்டி. மூணு பேரு கேட்டாங்க."

அதற்குப் பிறகு பல வருஷம் பாலிகஞ்சுக்கு ஓடினோம். பிறகு பழைய டீசல் வண்டிகள் ஊருக்குள் ஓடக் கூடாது என்றானபோது, பிக்கப்பைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நிமாய்தா கானிங் பக்கம் தன் ஊருக்குப் போனார். இரண்டு வருஷம் பூஜையன்று போன் செய்தார், அப்புறம் இல்லை. அக்கா சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறாள். அங்கே அவளைச் சமையலறைக்குள் விடுவதில்லையாம்.

போன மாதம் ஒரு வேலையாகப் பாலிகஞ்ச் போனவள், அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். யார் முகம் சுளித்துவிடுவார்களோ என்று அக்கா தூங்காமல் கிடந்தாளோ, அவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வாசல் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்றிலும் எங்களைத் தெரிந்த பெயர் இல்லை. தெருவின் கோடிக்கு வந்தபோதுதான், இவ்வளவு நேரமும் வேகமாக நடந்திருக்கிறேன் என்று தெரிந்தது. மூச்சு வாங்கியது. யாரும் காத்திருக்கவில்லை.