எரிந்த மலைக்கு நாலு மாதம்

செவிலிமேடு நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸின் நெற்றியில் எழுத்து ஓடும். அஞ்சாவது படித்த எனக்கு அது ஓடுகிற வேகத்தில் படிக்க முடியாது. நிரஞ்சனா பக்கத்தில் நின்றால், போனைப் பார்த்தபடியே, "சின்ன காஞ்சிபுரம் வண்டி வந்துடுச்சு" என்று தனக்குள் சொல்வதுபோல் சொல்லுவாள். அந்த வண்டியில் அவள் ஏறியதே இல்லை. எனக்காகச் சொல்கிறாள் என்று புரியவே ஆறு மாதமானது.

எங்கள் மாடியில் குடியிருந்தாள். பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பம். காட்டுத்தீ அடங்கியதும் செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து, எவ்வளவு காடு போயிற்று, எவ்வளவு பிழைக்கும் என்று எழுதித் தருவது வேலை. உயிருள்ள இலை அந்தப் படத்தில் சிவப்பு, கருகியது கருப்பு.

போன பங்குனியில் மேற்கே ஒரு மலைச்சரிவு எரிந்தது. ஆனியில் மழை தொடங்கியதும் மெஷின் விட்டுக் குழி தோண்டிக் கன்று நடவேண்டும் என்றார் அதிகாரி வேலாயுதம். தீ மேலோட்டமாகத்தான் ஓடியிருக்கிறது, வேர் பிழைத்திருக்கும், தோண்டினால்தான் சாகும் என்றாள் இவள். மழைக்காலம் நாலு மாதம் சமண முனிவர்கள் ஊர்விட்டு ஊர் நடக்கமாட்டார்கள். காலடியில் சிற்றுயிர் நசுங்கும் என்று. அதுபோல அந்தச் சரிவிலும் யாரும் கால் வைக்கக்கூடாது என்று எழுதிவிட்டாள்.

நான் டீ கொண்டுபோனபோது போனில் அவர் குரல் கேட்டது.

"ஏம்மா, ஆபீஸ் நடத்துறோமா, மடம் நடத்துறோமா?"

"நாலு மாசம்தான் சார். துளிர்க்கலன்னா தப்பு என்னுதுன்னு கையெழுத்து போட்டுத் தரேன்."

ஐப்பசி முடிவதற்குள் துளிர்த்த படம் காட்டவேண்டும், இல்லாவிட்டால் மெஷின் ஏறும் என்று முடிவானது. ஆனால் புரட்டாசி முழுக்க மலையை மேகம் மூடிக்கொண்டது. வந்த படமெல்லாம் வெள்ளை.

"வரதர் கோயில்ல வேண்டிக்கினு வரட்டுமா?" என்றேன்.

"வேண்டிக்குங்கக்கா. மழை நிக்கணும்னு மட்டும் கேட்டுடாதீங்க. ஒரே ஒரு காலையில மேகம் தொறந்தா போதும்."

அப்படியே கேட்டேன். ஐப்பசி எட்டாம் தேதி மேகம் விலகியது. ஓடைப் பக்கமெல்லாம் சிவப்பு. சரிவில் முக்கால்வாசி உயிரோடு இருந்தது. உச்சி மட்டும் கருப்பாகவே கிடந்தது. அதை அவள் மறைக்கவில்லை; உச்சியைப் பற்றித் தான் சொன்னது தவறு என்று முதல் வரியிலேயே எழுதினாள். மெஷின் ஏறவில்லை.

தை மாதம் அவளுக்கு வடக்கே பெரிய வேலை கிடைத்தது. பைகளை ஆட்டோவில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உச்சியில கையால வெதை தூவச் சொல்லியிருக்கேன்க்கா, வேலாயுதம் சாரும் ஒத்துக்கினாரு. அடுத்த ஐப்பசியில அதுவும் செவக்கும், பாருங்க."