மாமனார் பெயர்

மெங்கான் கல்யாணமாகி ஊரே ஒரே கூரையின்கீழ் வாழும் அந்த நீண்ட வீட்டுக்கு வந்தபோது பதினாறு வயது. அது 1956. ரஜாங் ஆற்றின் கிளையோரக் குன்று ஒன்றில் மாமனார் காடு வெட்டுவார். சோற்றை இலையில் கட்டிச் சுமந்து போனது இவள்தான். அந்தக் குன்றில் நெல் விதைத்தார்கள், ஓரத்தில் டுரியான் பழமரம் நட்டார்கள். ஆறு பிள்ளை பெற்று, இரண்டைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, கணவனையும் புதைத்தாள்.

எழுபதை நெருங்கும்போது எண்ணெய்க்காகச் செம்பனை நடும் கம்பெனி ஒன்று அரசின் குத்தகைப் பத்திரத்தோடு குன்றுக்கு வந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டப்படி 1958க்கு முன் காட்டை வெட்டியவரின் வாரிசுக்கே நிலம். பூர்வகுடி வழக்கத்தை அரசியலமைப்பே காக்கிறது என்று அவர்கள் தரப்பின் நகரத்து வக்கீல் லாவ் தைரியம் சொன்னார். வெட்டியதைக் கண்ணால் கண்டவர்களில் மெங்கான் மட்டுமே உயிரோடிருந்தாள். ஓடை, எல்லை, வருஷம் எல்லாவற்றையும் லாவ் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கினார். பெயரை மட்டும் கேட்கவில்லை. அதுதான் மனுவிலேயே இருந்ததே.

நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"காட்ட வெட்டுனது யாரும்மா?"

"என் வீட்டுக்காரரோட அப்பா."

"அவரு பேரு?"

மாமனார் பெயரை மருமகளோ மருமகனோ வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் வயிறு வீங்கிச் சாவு. ஊரில் இப்படி ஒரு சங்கடம் வந்தால் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தால் போதும், அவர் சொல்லிவிடுவார். மெங்கானும் பின்வரிசையிலிருந்த மகன் ஜம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் எழுந்து வாயைத் திறந்தான்.

சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார் கம்பெனி வக்கீல். நீதிபதி ஜம்பியை வெளியே அனுப்பினார். கேள்வி இன்னும் இரண்டு முறை வந்தது. மெங்கான் கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி நின்றாள். இதை யாருக்காவது விளக்க வேண்டியிருக்கும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. லாவுக்கும் ஒன்றும் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது: காட்டை வெட்டியதாகச் சொல்லப்படுபவரின் பெயர்கூடச் சாட்சிக்குத் தெரியவில்லை, நம்ப இயலாது. இப்போது காரணம் சொன்னாலும் மேல்முறையீட்டில் இந்தச் சாட்சியத்தைச் சரிக்கட்ட முடியாது என்று லாவ் கைவிரித்தார்.

திரும்பும் படகில் ஜம்பி வெடித்தான்.

"ஒரு பேரும்மா. அந்த ஒரு பேருல எல்லாம் போச்சு."

"நீ உன் மாமனார் பேரச் சொல்லு, கேப்போம்."

ஜம்பி அவளையே பார்த்தான். பிறகு ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுவாரம் கம்பெனி ஆட்கள் குன்றில் டுரியான் மரங்களைச் சாய்த்தார்கள். சத்தம் வீடுவரை கேட்டது. மெங்கான் வெளியே வரவில்லை.